கிளஸ்டரில் விஎஸ் கோடைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் உட்கார்ந்து மூலக்கூறு சிமுலேஷனோ டீப் லேர்னிங்கோ செய்யும் ஆராய்ச்சி மாணவருக்கு, வேலை உண்மையில் நடக்கும் கணினி வேறு ஊரில் இருக்கலாம். திருச்சி என்ஐடியில் 2022-ல் தொடங்கிய 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) வேகம் கொண்ட பரம் பொருள், பெங்களூரு ஐஐஎஸ்சியின் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டா ஆயிரம் டெரா) பரம் பிரவேகா என்று தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்த கிளஸ்டர்கள், அதாவது பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் அமைப்புகள், பல. கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் இணைக்கும் ரிமோட் எஸ்எஸ்ஹெச் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டால் அந்தத் தொலைவே தெரிவதில்லை. முக்கால்வாசித் தவறுகள் பிறப்பதும் அதனால்தான்: நம் லேப்டாப்பில் செய்வதையெல்லாம் கை அங்கேயும் செய்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, லாகின் நோடிலேயே வேலையை ஓட்டுவது. எஸ்எஸ்ஹெச் போட்டதும் நாம் போய் நிற்கும் இடம் அது. ஃபைலைத் திருத்தலாம், ஜாப் (கிளஸ்டர் ஓட்ட வேண்டிய வேலை) போடலாம், வரிசையில் நம் ஜாப் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், அவ்வளவுதான். மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறப் போகிறோம், அங்கேயே குடித்தனம் நடத்துவதில்லை. ஆனால் விஎஸ் கோட் இணைந்ததும் தன் சர்வரை அங்கே இறக்கி ஓடவிடுகிறது. அதன் பைதான் உதவி எக்ஸ்டென்ஷனான பைலான்ஸ், திறந்திருக்கும் ஃபோல்டரின் பைதான் ஃபைல்களையெல்லாம் படித்து மெமரியை நிரப்புகிறது. மேலே இருக்கும் ரன் பொத்தானைத் தட்டினால் உங்கள் ட்ரெய்னிங்கும் அங்கேதான் ஓடும். மற்றவர்களுக்கு ஃபைல் பட்டியல் வருவதற்கே நேரம் பிடிக்கும். அட்மின் உங்கள் ப்ராசஸைக் கொன்றால் அவரைக் குறை சொல்ல நியாயமில்லை.

இதில் பலரும் கவனிக்காதது, கிளஸ்டரில் நமக்கென்று தரும் ஹோம் டைரக்டரியை முழுதாகத் திறப்பது. உள்ளே கோண்டா (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி), டேட்டாசெட், பழைய அவுட்புட் என்று லட்சக்கணக்கில் ஃபைல்கள் கிடக்கும். ஃபைல் மாறுகிறதா என்று பார்க்கும் விஎஸ் கோடின் ஃபைல் வாட்சர் அத்தனையையும் கண்காணிக்கப் பார்க்கும். கிளஸ்டர்களில் இருக்கும் லஸ்டர் மாதிரியான ஃபைல் சிஸ்டம் பெரிய ஃபைல்களை வேகமாகக் கையாளும். சின்னச் சின்ன ஃபைல்களைப் பற்றி ஓயாமல் கேள்வி வந்தால் ஃபைல்களின் பெயர், இடம் போன்ற விவரங்களைத் தரும் மெட்டாடேட்டா சர்வர் திணறும், கிளஸ்டர் முழுக்க மந்தமாகும். கோட் இருக்கும் ஃபோல்டரை மட்டும் திறங்கள். டேட்டா ஃபோல்டர்களை வாட்சருக்கும் தேடலுக்கும் விலக்காக செட்டிங்ஸில் எழுதிவிடுங்கள்.

கனமான வேலைக்கு, கணக்கு நடக்கும் கணினியான கம்ப்யூட் நோடைக் கேட்டு வாங்க வேண்டும். ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில், நோடை ஒதுக்கக் கேட்கும் எஸ்அல்லாக் கட்டளை கொடுத்து இரண்டு மணி நேரம் கேளுங்கள். கிடைத்த நோடின் பெயரை உங்கள் லேப்டாப்பின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் எழுதி, எந்தக் கணினி வழியாகப் போவது என்று சொல்லும் ப்ராக்ஸிஜம்ப் வரியில் லாகின் நோடைக் காட்டுங்கள். விஎஸ் கோட் நேராக அங்கே போய்விடும். ஜாப் ஓடும்வரைதான் அந்த நோடுக்குள் நுழைய முடியும் என்பது பல கிளஸ்டர்களின் விதி. ஜாப் முடிந்தால் இணைப்பும் போய்விடும். இந்த வசதியையே தராத இடங்களும் உண்டு. நானாக இருந்தால், எழுதுவதை எடிட்டரில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை, ஜாப்பை வரிசையில் போடும் எஸ்பேட்ச் கட்டளை வழியாகவே அனுப்புவேன். ஜிபியூவைப் பிடித்து வைத்துக்கொண்டு கோட் தட்டிக்கொண்டிருந்தால், வரிசையில் காத்திருப்பவரின் தீசிஸ்தான் தள்ளிப்போகிறது.

இணைப்பே கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால், முதலில் கிளஸ்டரில் உள்ள பாஷ்ஆர்சி ஃபைலை (ஷெல், அதாவது கட்டளைத் திரை, தொடங்கும்போது படிப்பது) பாருங்கள். "வணக்கம்" என்று திரையில் காட்டும் ஒரு எக்கோ வரி இருந்தாலும் போதும். ஃபைல் அனுப்பும் எஸ்சிபி, எஸ்எஃப்டிபி எதிர்பார்க்கும் பதிலுக்குள் அந்த எழுத்து புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடும். கோண்டா ஆக்டிவேட், வேறு ஷெல்லுக்குத் தாவும் எக்ஸெக் வரி ஆகியவையும் இதே வம்புதான். ஷெல் இன்டராக்டிவாக இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடச் சொல்லும் வரியை ஃபைலின் தலையில் போடுங்கள்.

அடுத்தது கோட்டா, அதாவது ஹோமில் நமக்கு ஒதுக்கிய இடத்தின் வரம்பு. விஎஸ் கோட் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஹோமில் இருக்கும் டாட்-விஎஸ்கோட்-சர்வர் ஃபோல்டரில் புது சர்வர் வந்து சேரும். கோட்டா நிரம்பினால் காரணம் புரியாத பிழையோடு இணைப்பு அறுந்துபோகும். அவ்வப்போது டியு கட்டளையால் அளவைப் பார்த்துப் பழையதை அழியுங்கள்.

இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் ஓடும் கிளஸ்டரென்றால் கதை வேறு. அதில் இருக்கும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.17. 2025-ல் வந்த விஎஸ் கோட் 1.99 முதல் குறைந்தது 2.28 வேண்டும், அதனால்தான் இணைப்பு கிடைக்காது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. திரும்பத் திரும்பத் தவறினால் உங்கள் ஐபியே தடைபடலாம். கேம்பஸ் முழுக்க ஒரே ஐபியில் வெளியே போகுமென்றால் பக்கத்து லேபுக்கும் சேர்த்துத்தான் தடை.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச்சில் பயன்படும் சாவி (கீ) விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், லேபின் பொது கணினியில் வைக்காதீர்கள், ஜூனியருக்குக் கொடுக்காதீர்கள். கிளஸ்டருக்குப் போக வேண்டியது பப் என்று முடியும் பப்ளிக் கீ ஃபைல் மட்டும். கீயை உருவாக்கும்போது பாஸ்ஃப்ரேஸ் வையுங்கள், ஈடி25519 வகை போதும். கீ போட்ட பிறகும் பாஸ்வேர்ட் கேட்கிறதா? கிளஸ்டரில் டாட்-எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரின் அனுமதி எண் 700, ஆதரைஸ்ட் கீஸ் ஃபைலுக்கு 600 என்று இருக்கிறதா பாருங்கள். ஹோம் டைரக்டரியில் குரூப்புக்கு எழுதும் அனுமதி இருந்தாலும் சர்வர் அந்தக் கீயை ஏற்காது. ஹோஸ்ட் கீ (கிளஸ்டரின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், அதை நம் லேப்டாப்பில் பதிந்து வைத்திருக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலின் வரியை உடனே அழிக்க வேண்டாம். அட்மினிடம் கேட்டு உறுதி செய்த பிறகு அழியுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனால் வைஃபையும் போகும். இணைப்பு போனாலும் அங்கே ஷெல்லை ஓடவிடும் டீமக்ஸுக்குள் வேலை செய்திருந்தால் திரும்ப வந்து தொடரலாம். ஆனால் பல கிளஸ்டர்களில் ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று லாகின் நோடுகள் இருக்கும். முதல் நோடில் தொடங்கிய டீமக்ஸ் இரண்டாவதில் தெரியாது. எந்த நோட் என்று குறித்துக்கொண்டு அதன் பெயரிலேயே நுழையுங்கள். சும்மா இருக்கும்போது இணைப்பு அறுபடுவதுதான் தொல்லை என்றால், கான்ஃபிக்கில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று 60 நொடிக்கு ஒருமுறை கேட்பது) என்று ஒரு வரி போதும்.

வேலை முடிந்து ஜன்னலை மூடியதும் அங்கே எல்லாம் நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். சர்வர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். விஎஸ் கோடில் கட்டளைகளைத் தேடித் தரும் கமாண்ட் பேலட்டில் ‘கில் விஎஸ் கோட் சர்வர் ஆன் ஹோஸ்ட்’ என்பதைக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.