பூர்வகுடிகளின் பாறை ஓவியத்தை ஆராய்வது எப்படி?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் பாறை ஓவியங்களை ஆராயச் செல்லும் மானிடவியலாளர், கேமராவைத் திறப்பதற்கு முன் அந்நிலத்துக்கு உரிய மூத்தோரின் இசைவைப் பெற வேண்டும். வட ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளுக்கு உரிய பகுதியான ஆர்னெம் நிலத்துக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு தேவை. எந்த உருவத்தைப் படமெடுக்கலாம், எந்தக் கதையை வெளியாருக்குச் சொல்லலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

பாறையைத் தொடாமல், நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக நீர் தெளிக்காமல், அளவுகோலுடன் படமெடுத்து, எந்தக் கோட்டின் மேல் எந்தக் கோடு விழுந்திருக்கிறது என்பதைப் பொறுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். வட ஆஸ்திரேலியாவின் ககாடு தேசியப் பூங்காவிலுள்ள உபிர் பாறையில் தீட்டப்பட்ட மீன்களில் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் தெரியும்; எந்த உறுப்பு எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்து எழுதுங்கள்.

ஓவியங்களுக்கு வண்ணமாகப் பயன்பட்ட காவிக்கல் கனிமம் என்பதால், உயிர்ப்பொருளிலுள்ள கரிமத்தைக் கொண்டு வயதை அறியும் கரிமக் கணிப்பால் அதன் வயதை நேரடியாக அறிய இயலாது. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஓவியத்தின் மேலும் கீழும் இருந்த குளவிக்கூடுகளின் வயதைக் கணித்தே, ஒரு கங்காரு ஓவியம் சுமார் 17,300 ஆண்டுப் பழமையானது என்று 2021-இல் அறிவித்தார்கள்.

அங்குள்ள வாயில்லாத வான்ஜினா (மேகத்துக்கும் மழைக்கும் உரிய ஆவிகள்) உருவங்களுக்கு உரியவர்கள் மீண்டும் வண்ணம் பூசுவதைச் சிதைவு என்று பதிவு செய்வது பெரும் பிழை என்பேன். அவர்களுக்கு அது உருவத்தின் ஆற்றலைப் புதுப்பிக்கும் கடமை.

பதிவுகளின் பிரதி ஒன்றை அச்சமூகத்திடமே ஒப்படையுங்கள். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.