மெதுவாக நகரும் நிலநடுக்கத்தை மொட்டை மாடியில் செய்து பார்ப்பது எப்படி?

முதலில் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் ஒன்று வாங்கி வாருங்கள். அப்புறம் முழுச் செங்கல் இரண்டு, அரைச் செங்கல் ஒன்று, துணி காயப்போடும் நைலான் கயிறு, ஒரு பூரிக்கட்டை. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் அக்கா பிள்ளைகளுக்காகச் செய்தது இது. டைல்ஸ் போட்ட இடம் சரிவராது, சொரசொரப்பான சிமெண்ட் தரை வேண்டும்.

டியூபை நீளவாக்கில் பென்சில் தடிமனுக்கு நறுக்கி, இரண்டு முழத்தில் ஒரு வார், ஒரு சாணில் ஒரு வார் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செங்கல்லில் நீள வாரைக் கட்டி, அதன் நுனியில் கயிற்றைக் கட்டி, கயிற்றைப் பூரிக்கட்டையில் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றச் சுற்ற வார் நீளும், கல் அசையாது. பிறகு திடீரென்று ஒரு துள்ளல். இதுதான் நமக்குத் தெரிந்த வேக நிலநடுக்கம். பூமிக்குள் இந்த வழுக்கல் நொடிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் வேகத்தில் பிளவு நெடுக ஓடும்.

இப்போது குட்டை வாரை மாட்டுங்கள். துள்ளல் சிறுத்துவிடும், சில நேரம் கல் ஊர்ந்தே போகும். காரணம் இதுதான்: கல் வழுக்கத் தொடங்கியதும் உராய்வு குறைகிறது, வாரின் இழுவையும் குறைகிறது. இழுவை முந்திக்கொண்டு குறைந்தால் கல்லால் பாய முடியாது. நீள வாரில் இழுவை லேசில் குறையாது, அதனால் பாய்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நூலிழை இடத்தில்தான் மெது நிலநடுக்கம், அதாவது நொடிகளில் பாயாமல் நாள், வாரக் கணக்கில் ஊரும் வழுக்கல், பிறக்கிறது. கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்துப் பாருங்கள், துள்ளல் பெரிதாகும். பூமியின் ஆழத்தில் பாறை இடுக்கில் அடைபட்ட நீர் மேல் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால்தான் அங்கே நகர்வு நிதானமாகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கனடாவின் வான்கூவர் தீவில் ஜி.பி.எஸ். கருவிகள் காட்டியது இதைத்தான். வழக்கமாகக் கிழக்கே நகரும் நிலம் சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாரம் மேற்கே திரும்பும். 30, 40 கிலோமீட்டர் ஆழத்தில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள், அதாவது நகரும் பெரும் பாறைப் பலகைகள், சில சென்டிமீட்டர் வழுக்கும்போது மேலே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஜப்பானில் கசுஷிகே ஒபாரா 2002இல் ஆழத்திலிருந்து வரும் மெல்லிய தொடர் அதிர்வை அறிவித்தார்; இந்த அதிர்வும் மெது வழுக்கலும் சேர்ந்தே வருகின்றன என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது.

மெது நிலநடுக்கத்துக்கும் வேக நிலநடுக்கத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க இரண்டு கல் வேண்டும். அரைச் செங்கல்லைச் சோப்பு நீரில் நனைத்த துணியில் சுற்றி முன்னால் வையுங்கள், பின்னால் முழுச் செங்கல், நடுவே நீள வார். கயிற்றை அரைக்கல்லில் கட்டிச் சுற்றினால் அது ஊர்ந்து ஊர்ந்து போகும். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அது ஊரும் ஒவ்வொரு விரற்கடைக்கும் பின்கல்லின் வார் இறுகிக்கொண்டே வருகிறது; கடைசியில் பின்கல் துள்ளும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் 9.0 நிலநடுக்கத்துக்கு முன்பும், 2014 ஏப்ரலில் வட சிலியின் பெரிய நிலநடுக்கத்துக்கு முன்பும் அருகே மெதுவான வழுக்கல் நடந்தது பதிவாகியிருக்கிறது. மெதுவானது தன் இடத்து அழுத்தத்தைத் தணிக்கும், பக்கத்து இடத்தில் ஏற்றிவிடும். மறுபக்கமும் உண்டு: 2016இல் நியூசிலாந்தின் கைகோரா நிலநடுக்கம் சில நூறு கிலோமீட்டர் தள்ளி மெது வழுக்கலைக் கிளப்பியது.

அதற்காக, மெது நிலநடுக்கம் வந்தால் பெரியது நிச்சயம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். வான்கூவர் பக்கம் மெதுவானது எத்தனையோ முறை வந்து போய்விட்டது, அங்கே தட்டுகளின் எல்லையில் கடைசி மாபெரும் நிலநடுக்கம் வந்தது 1700 ஜனவரி 26இல்தான்.

"அந்த மலையும் இப்படி ஊருமா மாமா?" என்று சின்னவள் எதிரே இருந்த சேர்வராயன் மலையைக் காட்டிக் கேட்டாள். இல்லை. மெது நிலநடுக்கங்கள் பெரும்பாலும் தட்டுகள் உரசும் எல்லையில் பதிவானவை. சார்னோகைட் என்ற பழம்பாறையால் ஆன நம் மலை தட்டின் உள்பகுதியில் நிற்கிறது. இங்கே அதிர்வே வராது என்று இதற்குப் பொருளில்லை. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் வந்திருக்கிறது.

பூரிக்கட்டையை எத்தனை சுற்று சுற்றினால் கல் துள்ளுகிறது என்று ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் தரையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த துள்ளல் எந்தச் சுற்றில் வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் சொல்லுங்கள், முக்கியமாக இரண்டு கல் வைத்திருக்கும்போது. காலையிலேயே தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் டியூப் சூடாகி, எண்ணிக்கை மாறிவிடலாம்.