எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்: எங்கே சறுக்குகிறோம்

காட்பாடி காந்தி நகரில் அப்பா வீட்டு ஹாலில் நான்கு ரிமோட் கிடக்கும்: டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார், ஏசி. போன கத்திரி வெயிலில் ஊருக்குப் போனபோது நான்கையும் ஒரு யுனிவர்சல் ரிமோட்டுக்குள் அடக்கி, ஒரு பட்டனுக்கு 'டிவி பார்க்க' என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் போன். "இன்னாடா இது, டிவி வந்தா பாக்ஸ் அணையுது, பாக்ஸ் வந்தா டிவி அணையுது!"

மதியம் கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் பாக்ஸ் தானாக உயிர்பெற்றுவிட்டது. டிவி ஸ்டான்ட்பையிலேயே நின்றுவிட்டது. நான் பட்டனில் ஏற்றியிருந்தது இரண்டுக்குமான சாதாரண பவர் குறியீடு. அதற்கு 'ஆன் ஆகு' என்று பொருள் இல்லை, 'இருப்பதற்கு மாறாக ஆகு' என்றுதான் பொருள். அழுத்த அழுத்த இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒன்றாக வரவே வராது.

ஐஆர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் ரிமோட் பேசும், கேட்காது. டிவி எரிகிறதா இல்லையா என்று அதற்குத் தெரிய வழியில்லை. ரிமோட்டின் மென்பொருள், தான் கடைசியாக அனுப்பியதை நினைவில் வைத்துக்கொண்டு யூகிக்கிறது, அவ்வளவுதான். லாஜிடெக் கம்பெனியின் ஹார்மனி என்ற யுனிவர்சல் ரிமோட்டில் 'ஹெல்ப்' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் டிவி ஆன் ஆகிவிட்டதா என்று நம்மிடமே கேட்கும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

ஆகவே மேக்ரோவுக்குள் (ஒரே பட்டனில் பல குறியீடுகளை வரிசையாக அனுப்பும் அமைப்பு) மாறு-பவர் குறியீட்டைப் போடாதீர்கள். பல கருவிகளுக்கு ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று எனத் தனித்தனிக் குறியீடு உண்டு. கூட வந்த ரிமோட்டில் அதற்குப் பட்டன் இருக்காது. மென்பொருளின் குறியீட்டுத் தொகுப்பில் தேடினால் சிக்கலாம். சிக்காவிட்டால் இன்னொரு தந்திரம்: சில டிவிகள் எண் பட்டனையோ இன்புட் பட்டனையோ அழுத்தினாலே விழித்துக்கொள்ளும். ஏற்கெனவே விழித்திருந்தால் பெரிய கேடு ஒன்றுமில்லை. அப்பா வீட்டு டிவியை இப்படித்தான் சரி செய்தேன். 'டிவி எரிந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போ' என்று மேக்ரோவில் எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பல மலிவான செயலிகளில் அந்த நிபந்தனை வசதி கிடையாது. அந்த வசதி இருந்தாலும், கருவியின் நிலையைச் சொல்ல மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக் மாதிரி ஏதாவது வேண்டும்.

அடுத்தது அவசரம். ஆன் ஆன டிவி முழுதாக எழும்புவதற்குள் பாக்ஸ் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு மாற்றும் குறியீடு போனால் அது காற்றோடு போச்சு. படிகளுக்கு நடுவே சில விநாடி இடைவெளி விடுங்கள். எல்லாப் படிக்கும் ஒரே இடைவெளி என்று கட்டாயப்படுத்தும் செயலி என்றால், மெதுவான கருவிக்கு ஏற்றபடி வையுங்கள்.

பழைய ரிமோட்டிலிருந்து குறியீடு கற்றுக்கொடுக்கும்போது நடக்கும் தவறு வேறு வகை. பெரும்பாலும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டாம், ஒரு தட்டு போதும். வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். ரிமோட்டில் தீரப்போகும் பேட்டரி இருந்தால் முதலில் மாற்றுங்கள். சந்தேகம் என்றால் போனின் முன்பக்கக் கேமரா முன் ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஊதா வெளிச்சம் மினுக்கும். எல்லாம் சரியாக இருந்தும் 11 என்று அழுத்தினால் 1 மட்டும் விழுகிறதா? பிலிப்ஸின் ஆர்சி-5 என்ற குறியீட்டு முறையில் ஒவ்வொரு புதிய அழுத்தலுக்கும் ஒரு பிட் (குறியீட்டில் உள்ள ஒரு 0 அல்லது 1) மாற வேண்டும். பதிவு செய்த குறியீட்டில் அது மாறாமல் அப்படியே திரும்பப் போகும். டிவி அதை இரண்டு அழுத்தலாக எடுத்துக்கொள்ளாது, விரலை எடுக்காமல் பிடித்திருப்பதாக நினைத்துவிடும். ஆகவே பதிவை நம்பாமல், முறையின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் குறியீட்டைத் தானே உருவாக்கும் மென்பொருளைப் பாருங்கள்.  

ஏசியில் ஏமாறாதவர்கள் குறைவு. பெரும்பாலான ஏசி ரிமோட் 'ஒரு டிகிரி கூட்டு' என்று அனுப்புவதில்லை. கூல், 24, ஃபேன் நடுத்தரம் என்று முழு நிலையையும் ஒவ்வொரு முறையும் அனுப்பும். அதனால் கூட்டும் பட்டனைக் கற்றுக்கொடுத்தால், நீங்கள் கற்றுக்கொடுத்த அன்றைய வெப்பநிலைதான் திரும்பத் திரும்பப் போகும். அப்பாவுக்கு '24 கூல்', '27 கூல்', 'ஆஃப்' என்று மூன்று பட்டன் போட்டேன். வேலூர் வெயிலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஃபயர் டிவி ஸ்டிக் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுவது. ஐஆர் மட்டும் உள்ள ரிமோட்டை வாங்கிவிட்டு அதை ஆட்டிவைக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, அமைப்பை எல்லாம் கம்பெனி சர்வரிலேயே வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. ஹார்மனி தயாரிப்பை லாஜிடெக் 2021 ஏப்ரலில் நிறுத்தியது. அப்படி ஒரு கம்பெனி சர்வரையும் நிறுத்திவிட்டால் உங்கள் அமைப்பும் போய்விடும். உங்கள் அமைப்பைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து வையுங்கள்.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அப்பா நான்கையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி டிவி ஸ்டான்டுக்கு அடியில் வைத்திருந்தார். போன வாரம் திறந்தால் ஏசி ரிமோட்டில் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்ல நான்தான் மறந்திருக்கிறேன்.