கருவிக்கு வருவதற்குள் தொலைந்துபோகும் உலோகம்

போன மாதம் எம்.எஸ்சி. மாணவர்கள் இருவர் ஓர் அட்டைப்பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில்களோடு எங்கள் லேபுக்கு வந்தார்கள். உலோகங்கள் எவ்வளவு என்று அளக்க, புராஜெக்டுக்காக எடுத்த போர்வெல் தண்ணீர். எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். அடியில் செங்கல் தூள் மாதிரி மெல்லிய படிவு. லேசாகச் சாய்த்ததும் அது புகை போல மேலெழுந்தது. "எடுக்கும்போது தெளிவாத்தான் இருந்துச்சு சார். ஃபில்டர் பண்ணிக் கொடுத்திடட்டுமா?" என்று கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி.

லேம்ப் சூடாகும்வரை காத்திருப்பது, பர்னரைத் துடைப்பது, ஸ்டாண்டர்டைத் தேதி பார்த்துப் பயன்படுத்துவது எல்லாம் கருவியோடு வரும் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். கையேட்டில் இல்லாதவற்றை, அல்லது இருந்தும் யாரும் படிக்காதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அமிலத்தை லேபில் வந்து சேர்ப்பது

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டம். அங்கே அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது ஊரறிந்த விஷயம். நாங்கள் வீடு வீடாகப் போய் மாதிரி எடுத்தோம். ஒரு வீட்டில் அந்த வீட்டு அம்மாவே பம்பை அடித்துக் கொடுத்து, தண்ணீர் நல்லதா என்று சைகையில் கேட்டார். களத்திலேயே சோதிக்கும் கிட்டில் போட்டுப் பார்த்தோம். வெள்ளைத் தாள் கருமஞ்சளாக மாறியது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல். குடிநீரில் இருக்கலாம் என்று விதித்த அளவு 10.

மாதிரி எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரயிலில் அமிலம் கொண்டுபோக முடியாது. அங்கே போய் வாங்கவும் நேரம் கிடைக்கவில்லை. சரி, சென்னைக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பாட்டில்களை பெர்த்துக்கு அடியில் வைத்துக்கொண்டு ஹவுராவிலிருந்து திரும்பினோம். பம்படியில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் அன்று மாலையே மஞ்சள் தட்டியது. சென்னை வந்தபோது அடியில் சிவப்புப் படிவு. அது கருவியின் குழாயை அடைத்துவிடும் என்று எல்லாவற்றையும் வடிகட்டினேன், அப்புறம் அமிலம் சேர்த்தேன், ஏஏஎஸ் என்ற, ஒளி உறிஞ்சுதலை வைத்து உலோகத்தை அளக்கும் கருவியில், ஆர்சனிக்கை வாயுவாக்கி அளக்கும் ஹைட்ரைடு முறையில் அளந்தேன். அந்த அம்மா வீட்டுத் தண்ணீருக்கு வந்த விடை 6. கிட்தான் தவறு என்று குறிப்பும் எழுதினேன்.

என் மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "வடிகட்டின தாளெல்லாம் எங்கே?" நல்லவேளை, குப்பைக்கூடை காலியாகவில்லை. பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து அமிலத்தில் கரைத்து அளந்தோம். காணாமல்போன ஆர்சனிக் அங்கே இருந்தது. கிட் சொன்னதுதான் சரி. விஷத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று எழுதிவைத்திருந்தேன். அறிக்கை வெளியே போகவில்லை. ஆனால் மறுபடி நதியாவுக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பருவம் முழுக்கப் போயிற்று.

நடந்தது இதுதான். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு நிறமில்லாமல் கரைந்திருக்கும். மேலே வந்து காற்று பட்டதும் அது துருவாகத் திரண்டு படியும். படியும்போது ஆர்சனிக்கையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஆர்சனிக்கை நீக்க இந்த வேதியியலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சுத்திகரிப்பு நம் பாட்டிலுக்குள் தானாக நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாம் அளப்பது அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீரை அல்ல.

ஆர்சனிக்காவது சிவப்புப் படிவைக் காட்டி எச்சரிக்கிறது. காரீயம், அதாவது லெட், அதுவும் செய்யாது. அமிலம் சேர்க்காத தண்ணீரில் அது பாட்டிலின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்வைக்குத் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். இங்கேதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது: பெரிய கேனிலிருந்து 50 மில்லியைச் சின்னக் குழாயில் ஊற்றி, அதில் மட்டும் அமிலம் விட்டுவிட்டு "அமிலம் சேர்த்தாச்சு சார்" என்கிறார்கள். உலோகம் கேனிலேயே நின்றுவிட்டது. குழாயில் இருப்பது மிச்சம்.

ஆகவே அமிலம் முதல் பாட்டிலிலேயே, கிணற்றடியிலேயே விழ வேண்டும். லிட்டருக்குச் சுமார் 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம், அதுவும் சுவட்டு உலோகங்களை, அதாவது மிகச் சிறிய அளவில் இருப்பவற்றை, அளப்பதற்கென்றே விற்கும் தூய ரகம். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் அமிலம் விட்டால் சில சமயம் பொடிக் குமிழிகள் கிளம்பும். கரைந்திருக்கும் பைகார்பனேட் அமிலத்தைத் தின்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் விட வேண்டும். பிஎச் 2-க்குக் கீழே வந்ததா என்று தாளில் பாருங்கள். தாளைப் பாட்டிலுக்குள் முக்காதீர்கள், ஒரு துளியைத் தாளின்மேல் விடுங்கள். கிணற்றடியில் முடியவே இல்லையென்றால், லேபுக்கு வந்த உடனே அதே பாட்டிலில் அமிலம் விட்டு, குறைந்தது 16 மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள். படிவு தெரிந்தால் அது முழுதாகக் கரைய வேண்டும்.

வடிகட்டுவது தனிக் கேள்வி. மக்கள் குடிப்பதில் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் வடிகட்டாமல் அமிலம் விடுங்கள். கரைந்திருப்பது மட்டும் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் அங்கேயே வடிகட்டி, அப்புறம் அமிலம். கலங்கல் தண்ணீரில் முதலில் அமிலம் விட்டுப் பிறகு வடிகட்டினால் களிமண்ணில் இருந்த இரும்பும் அலுமினியமும் இறங்கி வந்து கணக்கில் ஏறும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தோல் பதனிடும் பகுதிகளில் ஆறு இணைதிறன் குரோமியத்தை (குரோமியத்தின் விஷம் கூடிய வடிவம்) தனியாக அளக்க வேண்டியிருக்கும். அதற்கு அமிலம் விடவே கூடாது, அது மூன்று இணைதிறனாக மாறிவிடும். அந்த பாட்டில் தனி.

பிளாங்க் என்றால் வெறும் தண்ணீர் அல்ல

மாதிரியோடு ஒப்பிட ஓட்டும், உலோகமில்லாத நீர்தான் பிளாங்க். மாதிரி பட்ட பாடு எல்லாம் அதுவும் பட வேண்டும். அதே பாட்டில், அதே அமிலம், அதே ஃபில்டர், அதே பயணம். சுத்தத் தண்ணீரைக் கருவியின் முன்னால் ஊற்றிவைத்துவிட்டு அதை பிளாங்க் என்பதில் பயனில்லை. கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர் 1956-இல் விண்கற்களில் இருந்த காரீயத்தை அளந்து பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று சொல்ல முடிந்ததற்கு, தன் ஆய்வகத்தின் காற்றிலும் அமிலத்திலும் பாத்திரத்திலும் இருந்த காரீயத்தை வருஷக்கணக்கில் தேடித்தேடி ஒழித்தது பெரிய காரணம்.

பிப்பெட்டின் மஞ்சள் நிற டிப் (நுனி)

வேண்டாம். நிறமியில் காட்மியம் இருக்கலாம். நிறமற்றதை வாங்கி, அமிலத்தில் அலசிப் பயன்படுத்துங்கள்.

எந்த ஈயம்?

ரசம் வைக்கும் ஈயச் சொம்பைக் கொண்டுவந்து "ஈயம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார்கள். சொம்பு வெள்ளீயத்தால், அதாவது டின்னால், ஆனது. அவர்கள் பயப்படுவது காரீயத்துக்கு. வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருந்தால் ரசத்தின் புளி அதை இறக்கும், ஆகவே அந்தப் பயம் நியாயமானது. சோதனைப் படிவத்தில் 'ஈயம்' என்று மொட்டையாக எழுதி வாங்காதீர்கள். வெள்ளீயம், காரீயம் என்று கேட்டுப் பிரித்து எழுதுங்கள். அளப்பதும் சொம்பைச் சுரண்டி மட்டும் போதாது. புளிக்கரைசலை அதில் கொதிக்கவைத்து, அந்தக் கரைசலையும் அளக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரும் 75-ஆம் எண்ணும்

அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்சனிக்கை நிறை எண் 75-இல் படிக்கிறோம். அதன் சூடான வாயுச் சுடரான பிளாஸ்மாவில் ஆர்கன் 40, உப்பில் குளோரின் 35. இரண்டும் சேர்ந்தால் அதுவும் 75. கடலோரக் கிணற்று நீரை அப்படியே கொடுத்தால் இல்லாத ஆர்சனிக் தெரியும். இப்படிச் சேர்ந்த அயனிகளைத் தடுக்கும் ஹீலியம் செல்லை இயக்கிப் பாருங்கள். எண் சட்டென்று விழுந்தால் முதலில் பார்த்தது குளோரினை.

அரிசியைச் சாம்பலாக்கி ஆர்சனிக் தேடுவது

சாம்பலாகும்போதே அது ஆவியாகிப் போயிருக்கும். மூடிய பாத்திரத்தில் நைட்ரிக் அமிலத்தோடு மைக்ரோவேவில் கரையுங்கள். சந்தேகமிருந்தால் அமெரிக்க அளவியல் நிறுவனமான நிஸ்ட்டின், ஆர்சனிக் அளவு உறுதிசெய்யப்பட்ட 1568பி அரிசி மாவையும் கூடவே ஓட்டுங்கள். கிலோவுக்கு 0.285 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும்.

பாதரசம்

தனி பாட்டில், அதுவும் கண்ணாடியில். பிளாஸ்டிக் வழியாகவே தப்பித்துவிடும்.

அறிக்கையில் பூஜ்யம்

எழுதாதீர்கள். 'இந்த அளவுக்குக் கீழே' என்று எழுதி, அந்த அளவையும் போடுங்கள்.