வீட்டுக் கோப்புகளுக்கு ஹார்டு டிஸ்க் வாங்குவதும் பழக்குவதும்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் அலமாரியில் மடித்து வைத்த வேட்டிகூட ஈரம் கோத்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்ததும் மலைப்பக்கமிருந்து இடியும் மின்னலும் வரும். இரண்டு பருவமழையும் நனைக்கும் இந்த ஊரில், என் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை இரவும் பகலும் கணினியோடு செருகியே வைத்திருந்தேன். ஒரு மின்னல் இரவில் இரண்டும் சேர்ந்து போயின. அப்பா எடுத்து, நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த மீட்டர்கேஜ் ரயில் படங்களும் அதில் இருந்தன. 1904-இல் தொடங்கி 2010 வரை ஆரியங்காவு வழியாக ஓடிய ரயிலை, 2018-இல் அகலப்பாதை வந்தபிறகு யாரும் திரும்பப் படமெடுக்க முடியாது. அந்தப் படங்களில் பாதியேனும் எனக்குத் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், அவற்றின் காகிதப் பிரதிகள் மலைக்கு அப்பால் புனலூரில் அக்கா வீட்டு ஆல்பத்தில் ஒட்டியிருந்ததுதான்.

ஆகவே எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, ஒரே பெரிய டிஸ்க் வாங்காமல் நடுத்தர அளவில் இரண்டு வாங்கி, இரண்டையும் முதல் வாரத்திலேயே சோதித்து, ஒன்றை வேறு ஊரில் வைக்குமாறு சொல்கிறேன். அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: இருப்பைக் கணக்கிடுங்கள்

விண்டோஸ் கணினியில் ஒரு ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால் அதன் மொத்த அளவு தெரியும். படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள், கைபேசியிலிருந்து இறக்கியவை என ஒவ்வொன்றின் அளவையும் ஒரு தாளில் குறித்துக் கூட்டுங்கள். என் வீட்டில் அது 390 ஜி.பி. வந்தது, ஆண்டுக்கு 80 ஜி.பி. அளவில் கூடிக்கொண்டிருந்தது. ஐந்தாண்டில் 790 ஆகும். மாற்றப்பட்ட கோப்புகளின் பழைய வடிவங்களையும் வைத்திருக்க இடம் வேண்டும் என்பதால் இதை இரட்டித்துக்கொண்டால் 1.5 டி.பி.யைத் தாண்டும் (1 டி.பி. என்பது 1000 ஜி.பி.). அதற்கு மேல் கடையில் கிடைக்கும் அளவு 2 டி.பி. (வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களை முதலில் அழித்துவிட்டுக் கூட்டினால் பல வீடுகளில் கணக்கே மாறிவிடும்.)

2 டி.பி. என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 1.81 டி.பி. என்று காட்டும். இதில் மோசடி ஏதும் இல்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது.

படி 2: வகையைத் தீர்மானியுங்கள்

கடையில் மூன்று வகைகளைக் காட்டுவார்கள். முதலாவது, கைக்கு அடக்கமான 2.5 அங்குல ஹார்டு டிஸ்க், கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, மேசையில் நிறுத்தி வைக்கும் 3.5 அங்குல டிஸ்க். இதற்குத் தனி அடாப்டர் வேண்டும், சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும். மூன்றாவது, எஸ்.எஸ்.டி.; இதற்குள் சுழலும் பாகமே கிடையாது.

அடிக்கடி மின்சாரம் போய்வரும் ஊர்களுக்கு நான் முதல் வகையைத்தான் பரிந்துரைப்பேன். மடிக்கணினியில் செருகி ஓட்டினால், கரண்ட் போனாலும் மடிக்கணினியின் பேட்டரி டிஸ்க்கையும் தாங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிற்காது. 3.5 அங்குல டிஸ்க்கை யு.பி.எஸ். இல்லாமல் வைத்துக்கொள்வது, ஓட்டைக் குடையோடு குற்றாலத்துக்குப் போவது மாதிரி.

எஸ்.எஸ்.டி. வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் அதே விலைக்குக் குறைந்த கொள்ளளவுதான் கிடைக்கும். மேலும், அது தரவை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது. நன்றாகத் தேய்ந்த எஸ்.எஸ்.டி.யை மின் இணைப்பே இல்லாமல் வெப்பமான அறையில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அந்த மின்னூட்டம் கசியக்கூடும். அலமாரியில் தூங்கவேண்டிய காப்புப் பிரதிக்கு அது ஏற்ற குணம் அன்று. தினமும் பையில் தூக்கிச் செல்பவர்கள் மட்டும் எஸ்.எஸ்.டி. வாங்கலாம்.

2.5 அங்குல டிஸ்க்குகளில் ஒரு விஷயத்தை அட்டைப்பெட்டி சொல்லாது. கொள்ளளவைக் கூட்டுவதற்காக, எழுதும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி அமைக்கும் முறை ஒன்று உண்டு, எஸ்.எம்.ஆர். என்பார்கள். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஓட்டை மாற்றவேண்டுமானால் அதன்மேல் ஏறிய ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்கவேண்டும். இந்த டிஸ்க்கும் அப்படித்தான்: நிரம்பிய இடத்தை அழித்து எழுதும்போது திடீரென்று வேகம் குறைந்து ஊர்ந்து போகும். கெட்டுவிட்டதோ என்று பயந்து கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். எழுதிவைத்துவிட்டு அவ்வப்போது சேர்த்துக்கொண்டு போகும் வீட்டுக் காப்புக்கு இந்த முறையால் இடைஞ்சல் இல்லை.

படி 3: பெயரைப் பார்த்து அதிகம் குழம்பாதீர்கள்

இன்று சுழலும் ஹார்டு டிஸ்க்கை உலகில் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின்மேல் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே சுழல்வது இந்த மூவரில் ஒருவரின் டிஸ்க்தான். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தரவு மையங்களில் ஓடும் டிஸ்க்குகளில் எத்தனை கெட்டன என்ற கணக்கை 2013 முதல் வெளியிட்டுவருகிறது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்குள் கெடுவதாக அது காட்டுகிறது. அவை குளிரூட்டிய அறையில் அசையாமல் ஓடுபவை. நம் டிஸ்க்குகளோ பையிலும் பேருந்திலும் அலைபவை. ஆகவே அந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனாலும், எந்தப் பெயரும் பூஜ்யம் அல்ல என்பது மட்டும் அவற்றிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

அதனால்தான் இரண்டு வாங்கச் சொல்கிறேன். இரண்டும் வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் நல்லது. ஒரே கம்பெனியானால் வெவ்வேறு மாதத் தயாரிப்பாகவாவது பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே தொகுப்பிலிருந்து வந்த இரட்டையர்களுக்குக் குறையும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

படி 4: கடையில் பார்க்கவேண்டியவை

பெட்டியின் ஓரத்தில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், ஆண்டு ஆகியவை அச்சிட்ட ஒட்டு இருக்கவேண்டும். பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் டிஸ்க்கின் அடியிலுள்ள வரிசை எண்ணும் ஒத்திருக்கவேண்டும். அந்த எண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்தில் இட்டால் வாரண்டி எப்போது முடிகிறது என்று காட்டும். கடைக்காரர் முன்னிலையிலேயே கைபேசியில் பார்த்துவிடுங்கள். வாரண்டி ஏற்கெனவே பாதி ஓடியிருந்தால் அது பழைய சரக்கு. தென்காசியில் வாங்கினாலும் புனலூரில் வாங்கினாலும் வரிசை எண்ணோடு பில் கேளுங்கள். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் கல்யாண வீடியோவுக்கு இல்லை. கெட்டதைக் கொடுத்தால் வேறொன்று தருவார்கள், காலியாக.

மிகக் குறைந்த விலைக்கு 16 டி.பி. என்று இணையத்தில் விற்கப்படும் கையடக்க டிஸ்க்குகளைத் தொடவே தொடாதீர்கள். பல நேரம் உள்ளே இருப்பது ஒரு சிறு மெமரி கார்டு. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு கணினியிடம் பொய் அளவைச் சொல்லும். நிஜமான இடம் நிரம்பியபின் வரும் கோப்புகள் எழுதப்பட்டதாகக் காட்டிவிட்டுக் காணாமல் போகும்.

வேகத்துக்கு யு.எஸ்.பி. 3 போதும். துளையின் உட்புறம் நீலமாக இருப்பது அதற்கு வழக்கமான அடையாளம், எல்லாக் கணினியிலும் அப்படி இராவிட்டாலும். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகினால் வேலை நடக்கும், ஆனால் நான்கு மடங்கு நேரம் பிடிக்கலாம்.

படி 5: முதல் வாரச் சோதனை

வாங்கியவுடன் படங்களை ஏற்றிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கடைக்காரர் மாற்றித்தரும் காலம் முடிவதற்குள், டிஸ்க் காலியாக இருக்கும்போதே அதை ஒருமுறை முழுக்க வேலை வாங்கவேண்டும்.

முதலில் மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்து, தானாகத் தூங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். டிஸ்க்கைச் சமதளத்தில் வைத்துச் செருகி, ‘திஸ் பி.சி.’யில் அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ஃபார்மட்’ என்பதைத் திறங்கள். அங்கே கோப்பு முறையைப் படி 6-இல் சொல்லியிருக்கிறபடி தேர்ந்தெடுத்து, ‘குயிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். தேர்ந்தெடுத்தது புதிய டிஸ்க்தானா என்று பெயரையும் அளவையும் இரண்டு முறை பாருங்கள். வேறொன்றை ஃபார்மட் செய்துவிட்டால் என்னைத் திட்டிப் பயனில்லை. குறியை எடுத்தபின் விண்டோஸ் டிஸ்க் முழுவதிலும் பூஜ்யங்களை எழுதும். நொடிக்கு 100 எம்.பி. என்று வைத்தாலும் 2 டி.பி.க்குச் சுமார் ஐந்தரை மணி நேரம் ஆகும். காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடியும்.

அது ஓடும்போது காது கொடுங்கள். மெல்லிய சுழற்சி ஓசையும் இடையிடையே லேசான கறகறப்பும் இயல்பானவை. சுவர்க்கடிகாரம் போல ஒரே தாளத்தில் ‘டக், டக்’ என்று கேட்டால், படிக்கும் முனை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். நிறுத்தி, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

முடிந்தபின் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவேட்டை அது காட்டும். பட்டியல் நீளமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியவை 05, சி5, சி6 என்ற எண்ணுள்ள மூன்று வரிகள் மட்டும். கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள், சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள், திருத்தவே முடியாதவை என்பன முறையே அவற்றின் பொருள். மூன்றின் வலக்கோடி எண்களும் பூஜ்யமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சி7 என்ற வரி ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

புது டிஸ்க்கில் அந்த மூன்று எண்களில் ஒன்று ஒன்றே ஒன்றாக ஏறியிருந்தாலும் ஏன் திருப்பித்தரச் சொல்கிறேன் என்றால், கூகிள் தன் டிஸ்க்குகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், கெட்ட டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான அறிகுறிகள் எதையும் காட்டாமலேயே கெட்டன என்பதும் இருக்கிறது. ஆகவே பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இரண்டாவது டிஸ்க்கையும் இதே வரிசையில் சோதியுங்கள்.

படி 6: கோப்பு முறை

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் விதமே கோப்பு முறை. வீட்டில் எல்லாம் விண்டோஸ் என்றால் ஃபார்மட் செய்யும்போது என்.டி.எஃப்.எஸ். என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக் கணினியும் இருந்தால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம்; 4 ஜி.பி.யை எட்டும் ஒரே கோப்பை அது ஏற்காது, நீளமான திருமண வீடியோ அங்கேயே நின்றுவிடும்.

படி 7: நகலெடுப்பது

பேக்கப் எடுத்துவிட்டேன் என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் செய்திருப்பது, கணினியில் இடம் போதாமல் கோப்புகளை வெட்டி டிஸ்க்கில் ஒட்டியதுதான். அப்போதும் கோப்பு ஓரிடத்தில்தான் இருக்கிறது. இருக்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. மூலம் கணினியில் இருக்கவேண்டும், நகல்கள் இரு டிஸ்க்கிலும் இருக்கவேண்டும். கணினியில் இடமில்லாத பழைய படங்களேயானாலும் இரு டிஸ்க்கிலும் இருக்கவேண்டும்.

தொடக்கத்துக்கு, அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் நகலெடுத்தால் போதும். பழகியபின், மாறிய கோப்புகளைத் தானாகவே நகலெடுக்கும், விண்டோஸில் உள்ள ‘ஃபைல் ஹிஸ்டரி’யைப் பயன்படுத்தலாம். நகல் முடிந்ததும், வெவ்வேறு ஃபோல்டர்களிலிருந்து பத்துக் கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து, சுழற்சி நின்றதும் கழற்றுங்கள். கழற்றுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மின்னல் மட்டும் காரணமன்று. 2017 மே மாதத்தில் பரவிய வான்னகிரை போன்ற மிரட்டல் வைரஸ்கள், செருகியிருக்கும் டிஸ்க்கின் கோப்புகளையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

படி 8: வைக்கும் இடம்

வீட்டில் இருக்கும் டிஸ்க், சூடு ஆறியபின், இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இருக்கட்டும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களை எறியாமல் வைத்திருந்தால் இதற்கு உதவும்; சாரல் காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜின் மேலும் சன்னல் ஓரத்திலும் வைக்கவேண்டாம். வாங்கி ஐந்தாண்டு ஆன டிஸ்க்கை, எண்கள் நன்றாக இருந்தாலும், நான் முதன்மைக் காப்பிலிருந்து இறக்கிவிடுவேன்.

இரண்டாவது டிஸ்க் வேறு ஊருக்குப் போகவேண்டும். அதில் பத்திரம், ஆதார் நகல்கள் இருந்தால், ‘வெராகிரிப்ட்’ என்ற இலவச மென்பொருளால் அவற்றை மட்டும் ஒரு பூட்டிய பெட்டகத்துக்குள் வையுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள். மறந்தால் திறக்க வழியே கிடையாது. என் டிஸ்க் புனலூரில் அக்கா வீட்டில் இருக்கிறது. பொங்கல், விஷு, ஓணம் என ஆண்டுக்கு மூன்று முறை இரண்டு குடும்பமும் சந்திக்கும்போது, புதிதாக நகலெடுத்ததைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறேன். ரயிலில் துணிகளுக்கு நடுவே சுற்றி, மேல் பலகையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு. இரண்டும் கறுப்பு நிறமாக இருந்ததால் போன ஓணத்தில் அத்தான் கொண்டுபோனதையே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒன்றில் ‘செங்கோட்டை’, மற்றதில் ‘புனலூர்’ என்று எழுதாமல், ‘அ’, ‘ஆ’ என்றும் கடைசியாக நகலெடுத்த தேதியையும் வெள்ளைப் பட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊர் மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா.