தோள்சீலைக் காலத்துப் பெண்களை நாவலில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்குத் திருவிதாங்கூர்ப் பெண்களைப் பற்றி நாவல் எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். நான் பிறந்து வளர்ந்த மண் அது. அம்மை, மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஒரே வீட்டுப் பெண்கள் வழியாக ஒரு நூற்றாண்டையே சொல்லிவிடலாம். மதமாற்றம், நாடார்ப் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம், அய்யா வைகுண்டர், பெண்பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம், லேஸ் பின்னல், கோயில் நுழைவு என்று எத்தனையோ விஷயங்கள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கின்றன.

ஆனால் படிக்கக் கிடைக்கும் வரைவுகளில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பெண் எதற்காகச் சண்டை போட்டாள் என்பதை எழுதுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். "மானத்தை மறைக்கத் துணி கேட்டாள்" என்று ஒரே வரியில் அவள் கதையை மூடிவிடுகிறார். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரரான கர்னல் மன்றோ திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலத்தில், 1814 வாக்கில், கிறிஸ்தவர்களான நாடார்ப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிளை முஸ்லிம் பெண்களையும் போலக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. மிஷனரிகளின் மனைவிமார் அதற்கேற்றபடி தொளதொளப்பான ஒரு சட்டையும் தைத்துக் கொடுத்தார்கள். உடம்பை மறைப்பதுதான் பிரச்சினை என்றால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெண்கள் குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே நாயர், வெள்ளாளப் பெண்களைப் போல ஒரு சீலையைத் தோளில் இழுத்துப் போட்டார்கள். அடி விழுந்தது அந்தச் சீலைக்காகத்தான். 1829இல் வந்த அரச விளம்பரமும், அதாவது பிரகடனமும், குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்றே சொன்னது. 1822இல், 1827 முதல் 1829 வரை, அப்புறம் 1858-59இல் என்று சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் தோளிலிருந்து துணி கிழித்தெறியப்பட்டபோதெல்லாம், தகராறு ஒரு முழம் துணியின் பொருளைப் பற்றியது. "நீயும் நானும் ஒரே மாதிரி உடுத்தலாமா?" என்பதுதான் கேள்வி.

இதைப் புரிந்துகொண்டால் காட்சி தானாக மாறிவிடும். குப்பாயம் போட்டுத் தயாராக நிற்கிறாள் ஒருத்தி. மடித்த சீலை கையில் இருக்கிறது. தலையில் கருப்புக்கட்டிக் கடவம், அதாவது ஓலைப்பெட்டி, ஏற்றிச் சந்தைக்குப் போக வேண்டும். சீலையைத் தோளில் போடுவதா, மடித்துக் கடவத்துக்குள் வைத்துக்கொண்டு போவதா? நேற்று பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொண்டு போய்க் கிழிந்த துணியோடு திரும்பி வந்தாள். உங்கள் நாவல் அந்தக் கையின் தயக்கத்தில் இருக்கிறது. வெட்கத்தால் குனிந்து கைகளால் மார்பை மூடிக்கொண்டு அழும் பெண்ணை எழுதினீர்கள் என்றால், அவளிடமிருந்த துணிச்சலை நீங்களே பறித்துவிட்டீர்கள்.

கூடவே இன்னொரு பிழையும் வரும். மேல்சாதிப் பெண்கள் எல்லாரும் மூடியிருந்தார்கள், கீழே இருந்தவர்கள் மட்டும் திறந்திருந்தார்கள் என்று கோடு போட்டு எழுதுவது. அப்படி இல்லை. மலையாள நாட்டு வழக்கத்தில் மேலாடையை விலக்குவது தன்னைவிட உயர்ந்தவருக்குக் காட்டும் மரியாதை. நாயர்ப் பெண்களும் நம்பூதிரிக்கு முன்னாலும் தெய்வத்துக்கு முன்னாலும் விலக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியில் நிற்பவரும் தனக்கு மேல் படியில் இருப்பவருக்கு முன்னால் குறைந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாடார்ப் பெண்ணின் தோள்சீலையைப் பார்த்து ஒரு நாயர்ப் பெண்ணுக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்பதை எழுத இது தெரிந்திருக்க வேண்டும். அவளை வெறும் வில்லியாக்கி விடாதீர்கள்.

நங்கேலி கதையைப் பற்றிக் கேட்பார்கள். சேர்த்தலையில் முலைவரி கேட்க வந்தவர்களுக்கு முன்னால் தன் மார்பை அறுத்து வாழையிலையில் வைத்த பெண்ணின் கதை. அங்கே வாய்வழியாக வாழ்ந்த கதை, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் சேர்த்தலை எங்கே, தோள்சீலைக் கலகம் நடந்த கல்குளமும் விளவங்கோடும் எங்கே! ஊர் வேறு, மக்கள் வேறு. முலைவரி, அதாவது முலைக்கரம், என்பது ஆண்களிடம் வாங்கிய தலைக்கரத்தைப் போலக் கீழ்ச்சாதிப் பெண்களிடம் வாங்கிய தலைவரி என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மார்பின் அளவைப் பார்த்து வரி போட்டார்கள் என்று எழுதுவதும், அந்தக் கதையைத் தூக்கி வந்து தோள்சீலைக் கலகத்துக்கு நடுவில் ஒட்டுவதும் இரண்டு போராட்டங்களுக்கும் செய்யும் அநியாயம்.

அடுத்தது, வீட்டுக்குள் புழங்கும் பொருட்கள். பெரிய நிகழ்ச்சிகளுக்கு நூலகம் போய் ஆண்டு பார்ப்பவர்கள் குடத்தில் சறுக்கிவிடுகிறார்கள். கதாநாயகி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஒய்யாரமாக நடந்து வருவாள். அந்தக் காலத்தில் நாடார்ப் பெண் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. தலையில்தான் சுமக்க வேண்டும். குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பொன்நகை கூடாது, ஓட்டு வீடும் மாடியும் கூடாது. இவ்வளவையும் ஒரு பத்தியில் பட்டியலாகக் கொட்டினால் வாசகர் மறந்துவிடுவார். குடம் மட்டும் போதும். 1830இல் தலையில் ஏறிய குடம் எந்த வருஷம், எந்தப் பெண்ணிடம் இடுப்புக்கு இறங்கியது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறையை நகர்த்த முடியும். யாரும் கவனிக்காத ஒரு சாயங்காலத்தில், கிணற்றடியில், முதல்முறையாக ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துப் பார்க்கிறாள். நான் எழுதினால் இதை விடவே மாட்டேன்.

காசும் அப்படித்தான். அங்கே அணாவிலும் பைசாவிலும் கணக்கு இல்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கருப்புக்கட்டி விற்றுவிட்டு வருகிறவள் முந்தானையில் முடிந்து வருவது சக்கரம். வருஷத்தைக் கொல்லம் ஆண்டில்தான் சொல்வாள். 1859 ஆடி அவளுக்கு 1034 ஆடி. பேச்சில் மதுரையோ சென்னையோ கேட்கக்கூடாது. ஒற்றைப் பிள்ளையைப் பார்த்தும் "மக்களே" என்று கூப்பிடுகிற ஊர் அது. பதநீரை அக்கானி என்பார்கள், அதைக் காய்ச்சுகிற கொட்டகை விடிலி. ஆண் பனையேறி இறக்கிக் கொடுப்பதோடு சரி. அடுப்பெரித்து, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்புக்கட்டியாக்கும் வேலை முழுக்கப் பெண்ணுடையது. அந்தப் புகையில் கண் எரியாத ஒரு அம்மையை எழுதிவிட்டு அவளைப் பனையேறிக் குடும்பம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சாதிப் பெயரில் கவனம் வேண்டும். அந்தக் காலப் பதிவுகளில் இருப்பது "சாணார்" என்ற சொல். "நாடான்" என்பது அப்போது நிலம் உள்ள சில குடும்பங்களின் பட்டம். சென்னை மாகாண அரசு "நாடார்" என்ற பெயரை ஏற்றுக்கொண்டது 1921இல். 1840இல் கீழே நிற்கும் ஒருத்தியை எதிராளி "நாடார் பெண்ணே" என்று அழைப்பது நடக்காத காரியம். அதற்காக வசவுச் சொல்லைப் பக்கத்துக்குப் பத்து தடவை போடவும் வேண்டாம். கதைசொல்லியின் குரலில் இன்றைய பெயரையே வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து வாய் பேசும் இடத்தில் மட்டும், வலிக்க வேண்டிய இடத்தில் மட்டும், பழைய சொல்லை விடுங்கள்.

விசுவாசத்தை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். இரண்டு பக்கமும் வழுக்குகிறது. ஒரு பக்கம், வெள்ளைக்கார மிஷனரி ஐயர் வந்தார், விளக்கு ஏற்றினார், எல்லாரும் எழுந்தார்கள் என்பது. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806. அதற்கு முன்பே அந்த ஊர் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய்ச் சுவிசேஷம் கேட்டுத் திரும்பியிருந்தார். ஐயரை வரவழைத்ததே அவர்தான். தேடிப் போனவர் இங்கே இருந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. இன்னொரு பக்கம், துணிக்காகவும், கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய ஊழியத்திலிருந்து தப்பவும்தான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள் என்று கைகழுவிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை சர்க்கார் ஊழியத்துக்குப் போக வேண்டாம் என்பது பெரிய விடுதலைதான். ஆனால் தான் பெற்ற பிள்ளை செத்துக்கிடக்கும்போது ஜெபம் செய்தவளுடைய மனசில் ஊழியக் கணக்கு இருக்குமா? இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்கும். கூடவே இசக்கியம்மனுக்கு நேர்ந்த பழைய நேர்ச்சையின் பயமும் இருக்கும். ஞாயிறு காலை சபைக் கோயில், செவ்வாய் இரவு யாருக்கும் தெரியாமல் சுடலைமாடனுக்கு ஒரு தேங்காய். அப்படி ஒரு பாட்டி வரட்டும்.

அய்யா வைகுண்டரை விட்டுவிட்டு இந்தக் காலத்தை எழுதவே முடியாது. 1809இல் பிறந்து 1851 வரை வாழ்ந்தவர். ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முந்திரிக்கிணறு வெட்டினார், மகாராஜாவை நீசன் என்றார், திருவனந்தபுரத்தில் சிறையில் கிடந்தார். 1841இல் அவருடைய வழியின் வேதநூலான அகிலத்திரட்டு எழுதப்பட்டது. சில வரைவுகளில் அவரும் மிஷனரிகளும் தோளோடு தோள் நின்று சமூக சீர்திருத்தம் பேசுகிறார்கள். உண்மையில் மிஷன் அறிக்கைகள் அவரைத் தங்கள் வேலைக்குத் தடை என்றே எழுதின, அவரும் அவர்களுடைய வழியை ஏற்கவில்லை. ஒரே குடும்பத்தில் அக்காள் கிறிஸ்தவ சபையிலும் தங்கை அய்யாவின் சாமித்தோப்பிலும் போய்ச் சேர்வது அன்றைக்கு நடக்கக்கூடியதுதான். இரண்டு பேரும் ஒரே அடக்குமுறைக்கு எதிராக இரண்டு வாசல் வழியாக வெளியே வந்தவர்கள். அவர்களைச் சமரசம் பேச வைக்காதீர்கள். சண்டை போடட்டும்.

வேதவசனங்களில் ஒரு சின்ன எச்சரிக்கை. இன்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் தமிழ் வேதாகமத்தின் நடை 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பினுடையது. 1840இல் வாழ்ந்தவள் வாயில் அது வராது. அவள் காதில் விழுந்தது பெப்ரிசியஸ் மொழிபெயர்ப்பும் ரேனியஸ் மொழிபெயர்ப்பும். பெப்ரிசியஸில் கடவுள் "பராபரன்". பாட்டி பராபரனே என்று அழைத்து ஜெபிக்க, பேத்தி தேவனே என்று ஜெபித்தால் முப்பது வருஷம் கடந்துவிட்டது என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கி, 1821 வாக்கில் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். மடியில் தலையணை, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய குச்சிகள். பனையோலையில் பெட்டி முடைந்து பழகிய விரல்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்த பெண் முதல்முறையாகத் தன் கையில் கூலி வாங்குகிறாள். ஆனால் அந்தப் பள்ளியைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. தன் மகள் பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் தடுமாறும் ஒரு அம்மையை யோசித்துப் பாருங்கள். மிஷனரிகளின் கடிதங்களைப் படிக்கும்போதும் அவை காணிக்கை கேட்டு எழுதப்பட்டவை என்பது நினைவில் இருக்கட்டும். பெண்கள் பேசியது அவற்றில் அபூர்வம்.

உங்கள் நாயகியையும் கறையில்லாதவளாக்க வேண்டாம். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை இருந்தது. சபைக்கு வந்த புலையர், பறையர் பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார மறுத்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். தன் தோளுக்குச் சீலை கேட்டவள் இன்னொருத்தியின் தோளைப் பார்த்து என்ன சொன்னாள் என்ற கேள்வியை அவளிடம் கேட்டே ஆக வேண்டும். புலையர்ப் பெண்கள் தங்கள் தலைவர் அய்யன்காளியின் அழைப்பில் கொல்லம் பெரிநாட்டில், கீழ்ச்சாதி அடையாளமாகப் போட வேண்டியிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தது 1915இல்தான்.

வயதுக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 1829இல் பன்னிரண்டு வயது என்றால் 1859இல் அவளுக்கு நாற்பத்திரண்டு, மகளுக்கு இருபத்திச் சொச்சம். பேத்தி 1860 வாக்கில் பிறப்பாள். கொள்ளுப்பேத்தி 1880களில். கோயில் நுழைவு வந்த 1936ஐத் தொட நான்கு தலைமுறை வேண்டும். மூன்றில் அடக்கப் பார்த்தால் 1936இல் அந்தப் பேத்திக்கே எழுபத்தாறு வயதாகிவிடும்.

1859 ஜூலை விளம்பரத்தை வெற்றி முரசாக வைத்து நாவலை முடிப்பதும் தவறு. சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கியதால் வந்த உத்தரவு அது. எந்த மதத்து நாடார்ப் பெண்ணும் குப்பாயம் போடலாம், மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்றது. எதற்காக முப்பது வருஷத்துக்கும் மேலாக அடி வாங்கினார்களோ, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொடுத்தார்கள். விளம்பரத்தை ஊரில் வாசித்துக் காட்டுகிறார்கள் என்றால், அந்தக் கடைசி வரியைக் கேட்ட பெண்களின் முகத்தை எழுதுங்கள்.

1936 நவம்பர் 12, கொல்லம் 1112 ஐப்பசி 27, கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம். சுசீந்திரத்தில் 1926லும் 1930லும் சத்தியாகிரகம் நடந்த அதே தெருவழியாக, சாமித்தோப்புக்குப் போன தங்கையின் கொள்ளுப்பேத்தி தாணுமாலயன் கோயிலுக்குள் போகிறாள். கூடவே வந்த அக்காள் வழிக் கொள்ளுப்பேத்திக்கு அந்த விளம்பரத்தில் இடமில்லை, அவள் வேதக்காரி, கிறிஸ்தவள். உள்ளே போகிறவளின் செருப்பையும் குடையையும் பார்த்துக்கொண்டு தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.