கோத்தகிரியிலிருந்து ஹட்டனுக்கு ஒரு மழைத்தொட்டி: மாணவர் மன்றங்கள் நிதி திரட்டும் வழி

உண்டியலுக்குப் பூட்டு வாங்கும் முன் ஓர் ஆடிட்டரையும் வங்கி மேலாளரையும் பார்த்துவிடுங்கள். இலங்கையின் ஹட்டனில் மழைத்தொட்டி கட்டுவது போன்ற வெளிநாட்டுப் பணிக்குப் பணம் சேர்க்கும் மாணவர் மன்றங்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பணத்தை அனுப்பும் கட்டத்தில்தான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் வழியில் தனிநபர் மட்டுமே அனுப்பலாம். பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ அது கிடையாது. சரி, ஓர் ஆசிரியர் கணக்கில் போட்டு அனுப்பலாமே என்றால், உறவினர் அல்லாதவர்கள் கொடுக்கும் பணம் ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டியதும் மொத்தமும் அவருடைய வருமானமாகி வரி விழும்.

எனவே பெரிய தொகை தருபவர் தம் கணக்கிலிருந்து தாமே நேராக அனுப்பட்டும்: பான் எண், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவம், பெறும் நிறுவனத்தின் வங்கி விவரம் போதும். 80ஜி வரிச்சலுகை இதற்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனக்கசப்பு. உண்டியல், கடை வருமானத்துக்கு மட்டும், ஆடிட்டர் எழுத்தில் சம்மதித்த பின், ஒரு பெரியவர் பொறுப்பேற்கலாம். அந்த இலக்கை 40,000 ரூபாய்க்குள் வையுங்கள்.

எதற்கு என்பதிலும் தெளிவு வேண்டும். 'இலங்கை மலையகத்துக்கு உதவி' என்றால் யாரும் பையைத் திறக்கமாட்டார்கள். 'ஹட்டன் பக்கம் ஒரு லய வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) 5,000 லிட்டர் மழைத்தொட்டி' என்றால் காது கொடுப்பார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பி, தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் இங்கே நீலகிரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு லயம் என்றால் விளக்கம் தேவையில்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் தகரக் கூரையில் சிந்தியது போக 80 சதவீதம் பிடித்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 32 லிட்டர். தொட்டி நிறைய ஏறக்குறைய 156 மில்லிமீட்டர் மழை வேண்டும். ஐந்து பேர் ஆளுக்கு 20 லிட்டர் எடுத்தால் 50 நாள் வரும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும்போது அதுவே பெரிது.

அங்கிருந்து வரும் செலவு மதிப்பீட்டில் தொட்டி மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கூரைத் தாழ்வாரக் குழாய், இறங்குகுழாய், முதல் 20 லிட்டர் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் குழாய், கொசுவலை, பூட்டுள்ள குழாய்த் திருகு எல்லாம் தனி வரியில் வேண்டும். கொசுவலை இல்லாத தொட்டி டெங்குவுக்குத் தொட்டில். லயம் நிற்கும் நிலம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்காமல் சிமெண்ட் மூட்டை இறங்கக்கூடாது.

இனி கடை. மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும்போது கூட்டம் தானாக வரும். நகராட்சி அனுமதியை ஏப்ரலிலேயே கேளுங்கள். தேயிலைத்தூள் பொட்டலத்துக்கு 15 ரூபாய் லாபம் நின்றால், 40,000 சேர 2,667 பொட்டலம் விற்க வேண்டும். நடக்காது. கடையை ஆள் பிடிக்கும் தூண்டிலாக வைத்து, மாதம் 100 ரூபாய் தருபவர்களின் பட்டியலை அங்கே எழுதுங்கள். மொறுமொறுப்பான நீலகிரி பேக்கரிப் பண்டமான வர்க்கியைத் தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, காகிதப் பையில் மூடுபனி பட்டால் நமுத்துவிடும். உணவுப் பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். படகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்குப் போனால் முதலில் ஊர்ப் பெரியவரிடம் சொல்லுங்கள். பச்சைத் தேயிலைப் பணம் வந்த வாரத்தில் போங்கள், விலை விழுந்த மாதத்தில் போகாதீர்கள்.

உண்டியலை இருவர் சேர்ந்து திறந்து, எண்ணி, கையெழுத்திட்டு மறுநாளே வங்கியில் போடுங்கள். அடிக்கட்டை இல்லாத ரசீதுப் புத்தகம் வேண்டவே வேண்டாம்.

பணத்தை இரண்டே தவணையாக அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் தனி. அடித்தளம் போட்ட படமும் சிமெண்ட் பில்லும் வந்த பிறகே இரண்டாவது. வழியில் உள்ள வங்கிகளின் பிடித்தம் யார் தலையில் என்று படிவத்தில் குறியுங்கள், இல்லாவிட்டால் அங்கே குறைவாகத்தான் சேரும். பெறுபவர் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பலாம், கட்டணம் திரும்பாது.